கண்ணாடி டப்பாவைத் தேடிச் சிதம்பரம் போனோம்

அப்பாவின் தோல்பையைத் திறந்தால் ஒரு வாசனை வரும். வியர்வையில் ஊறிய தோல், பல பேர் கை பட்ட சில்லறை, டிக்கெட் கட்டின் மட்டக் காகிதம், இவற்றோடு கூடை சுமந்து ஏறும் மீன்கார அம்மாக்கள் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த நோட்டுகளின் கவிச்சி, எல்லாம் கலந்து குப்பென்று மூக்கில் ஏறும்போது எனக்கும் தம்பி கதிருக்கும் உடம்பெல்லாம் பரபரக்கும். அந்த வாசனை வாசலுக்கு வந்துவிட்டதென்றால் அன்றைய கதையும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பா கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மஞ்சக்குப்பத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வாடகை வீடு. அந்தச் சந்தில் சாமி படம் இல்லாத ஒரே வீடு எங்களுடையது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். அய்யர் இல்லாமல், நல்ல நேரம் பார்க்காமல், நாலு பேர் மேடையில் பேசி மாலை மாற்றிக்கொண்ட கல்யாணம் அவருடையது. அம்மா ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். பெருமாளுக்குத் துளசி கட்டிக் கொடுத்த வீட்டிலிருந்து வந்தவர். அப்பாவுக்காகச் சாமியை விட்டாரே தவிர, சாமி இல்லாமல் பிள்ளைகளை எப்படி நல்லது கெட்டது சொல்லி வளர்ப்பது என்கிற கவலையை மட்டும் விடவில்லை. அந்தக் கவலைதான் பிற்பாடு எனக்கு அப்படியே வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

மற்ற வீடுகளில் அது சுலபமாக நடந்தது. பொய் சொன்னால் "சாமி கண்ணக் குத்தும்" என்றால் முடிந்தது. எங்கள் வீட்டில் கண்ணைக் குத்த ஆள் இல்லையே! அதற்குப் பதிலாகத்தான் அப்பா கதை சொன்னார். அந்தக் கதைகளுக்கு அவர் மூன்று தடை வைத்திருந்தார். சாமி வரக்கூடாது, பேய் வரக்கூடாது, ராஜா வரக்கூடாது. ஏம்ப்பா என்று கதிர் ஒருநாள் கேட்டதற்கு, "ராஜா வந்தா தீர்ப்பு சொல்லிடுவாரு. சாமி வந்தா வரம் குடுத்துடும். பேய் வந்தா நீ ஓடிடுவ. அப்புறம் கதையில ஒனக்கு இன்னாடா வேலை?" என்றார்.

ஆகவே எங்கள் கதைகளில் பஸ் ஜனங்கள்தான். எல்லாம் அன்றன்றைக்கு நடந்தவை. பெரியப்பட்டில் ஏறிய ஒருவர் மீசை அரும்பிய மகனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு "அஞ்சு வயசுதான் ஆவுது" என்கிறார். மகனோ ரோஷம் பொங்க "எனக்குப் பன்னண்டு" என்று கத்துகிறான். இந்த இடத்துக்கு வந்ததும் அப்பா சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒற்றை விசில் கொடுப்பார். பஸ்ஸில் ஒற்றை விசில் என்றால் நில் என்று அர்த்தம். கதை நின்றுவிடும். "சொல்லுங்க, கண்டக்டரு நீங்களா இருந்தா?" என்று எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு முடிவு சொல்ல வேண்டும். அடுப்படியிலிருந்தபடியே அம்மா கேட்டு, எது சரி என்று தீர்ப்பு சொல்வார். ஜெயித்தவருக்கு மீன் குழம்பில் நடுத்துண்டு. அன்றைக்குக் கதிர், "பையனுக்கு டிக்கெட்டே வேணாம்ப்பா, உண்மைய சொன்னான். அவுங்கப்பாவுக்கு ரெண்டு டிக்கெட்டு!" என்று சொல்லி, அம்மா கரண்டியோடு வெளியே வந்து சிரித்து, நடுத்துண்டு அவனுக்குப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எப்பேர்ப்பட்ட குதூகலம் தெரியுமா அது! சந்தில் இருந்த எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு சாயங்காலம் கிடைத்ததில்லை. நாங்கள் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கண்டக்டரு வூட்டுல கோர்ட்டு கூடிடுச்சு" என்பார். அவருடைய மகள் ஜெனிபர் என் வயதுக்காரி. மாதா கோவிலில் வேதம் சொல்லித் தருகிற ஞானோபதேச வகுப்பு இல்லாத நாளெல்லாம் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் என்னைச் சோறு தின்ன விடாத ஒரு சங்கதி இருந்தது. உண்மையில் நடந்த முடிவை அப்பா சொல்லவே மாட்டார். கேட்கவும் கூடாது. "முடிவச் சொல்லிட்டா நீங்க யோசிக்க மாட்டீங்க" என்பது அவர் கட்சி. கதிருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. நடுத்துண்டு கிடைத்ததா இல்லையா என்பதோடு அவன் கதை முடிந்துவிடும். எனக்கோ அப்போதுதான் ஆரம்பிக்கும். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனை அவன் அப்பா அடித்திருப்பாரோ? வீட்டுக்குப் போய் அடித்தாரோ, வழியிலேயே அடித்தாரோ? சோற்றைப் பிசைந்தபடி இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். தட்டில் பாதி அப்படியே இருக்கும்.

அம்மா கவனித்துக்கொண்டே வந்தார். ஒருநாள் என் தட்டை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க இத. புள்ளைய நல்லவளாக்கறேன்னு பட்டினி போடறீங்க. இன்னொரு வாட்டி இவ தட்டுல சோத்த மிச்சம் வச்சா, அன்னியோட கதைக்கு நான் விசில் ஊதிடுவேன். சொல்லிட்டேன்."

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அந்தச் சமயம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்திருந்தார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றக் கேட்பானேன்! "அதத்தான் நான் தலதலயா அடிச்சுக்கறேன் மச்சான். கதை சொல்லணும்னா புராணத்த சொல்லு. கெட்டவன் செத்தான், நல்லவன் பொழச்சான்னு பட்டுனு முடியும். புள்ள நிம்மதியா சோறு திங்கும்" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "புராணத்துலயும் பாதிப் பேரு காட்டுக்குப் போயிடறாங்களே மச்சான், அவுங்க சாப்ட்டாங்களான்னு இவ கேட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்க, மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்கோ அம்மா சொன்னதுதான் காதில் நின்றது. கதை நின்றுபோவதா! கதை என்னைத் தின்றது உண்மைதான், ஆனால் அது இல்லாத சாயங்காலத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்றிலிருந்து கவலையை வெளியில் காட்டாமல் சாப்பிட்டு முடிப்பதே என் வேலையாகிவிட்டது. தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்குவேன். தட்டை வழித்துக் காட்டுவேன். இரண்டு மூன்று வாரம் இப்படித் தாக்குப்பிடித்தேன்.

அப்புறம்தான் ஒரு வியாழக்கிழமை அந்தக் கண்ணாடிக் கதை வந்தது.

சிதம்பரத்தில் பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மா ஏறினார். கடலூரில் பழைய டவுன் என்கிற ஓ.டி.யில் இறங்கிப் போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த சீட்டில் ஒரு கண்ணாடி டப்பா கிடந்தது. அப்பா திறந்து பார்த்தால் உள்ளே சின்னப் பிள்ளை போடுகிற மூக்குக் கண்ணாடி. ஒரு பக்கக் காம்பு உடைந்து கறுப்பு நூல் சுற்றியிருந்தது. டப்பாவின் மேல் சிதம்பரம் மேல வீதியில் உள்ள ஒரு கண்ணாடிக் கடையின் பேர். பஸ்ஸை எடுக்க நேரமாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். விசில்! "கண்டக்டரு நீங்களா இருந்தா?"

கதிர், ஆபீசில் ஒப்படைத்துவிடுவேன் என்றான். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, ஏனென்றால் அதற்குள் நான் அந்தப் பிள்ளையின் வகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்கு முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்தப் பிள்ளைக்கும் பரீட்சைதானே? கண்ணாடி இல்லாமல் கேள்வித்தாளை எப்படிப் படிக்கும்? மூக்கில் ஒட்டிக்கொண்டு படித்தால் காப்பியடிக்கிறது என்று நினைத்து வாத்தியார் எழுப்பி வெளியே நிறுத்திவிட்டால்? பரீட்சை என்ற வார்த்தைக்கே பயப்படுகிற பிள்ளை நான். பத்தாவதுக்கு மேல் நான் படிக்காமல் போனதற்கும் அந்தப் பயம்தான் காரணம், அது வேறு கதை.

அன்று எப்படியோ சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை ஜெனிபருக்குத் தள்ளிவிட்டேன். சாயங்காலம் வயிற்றுவலி என்று சொல்லத் தைரியம் வரவில்லை, பொய் சொல்லக்கூடாது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வேளை, அவ்வளவுதான், நான் மாட்டிக்கொள்வேன், கதை போய்விடும்.

ஜெனிபரிடம் சொன்னேன். அவள் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "காணாமப் போன பொருளுக்குன்னே அந்தோணியாரு இருக்காரு. அவருகிட்ட சொல்லிட்டா அவரு பாத்துக்குவாரு" என்றாள். அங்கேயே நின்றபடி கண்ணை மூடினாள், வாய் முணுமுணுத்தது, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள், அடுத்த நிமிஷம் நொண்டியடிக்க ஓடிவிட்டாள். அவள் ஓடுகிற அழகை நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு சவுகரியம்! பாரத்தைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைத்துவிட்டுக் கை வீசி ஓடலாம். என் வீட்டில் அப்படி ஒப்படைக்க யாரும் இல்லை. கதையில் சாமியும் வரமாட்டார், ராஜாவும் வரமாட்டார் என்றால் பாக்கி இருப்பது யார்? நான்தானே? கண்ணாடி விற்ற கடைக்காரருக்கு அந்தப் பிள்ளையின் வீடு தெரியாமலா இருக்கும்? சிதம்பரத்துக்கு நான்தான் போயாக வேண்டும்!

இந்த எண்ணம் வந்ததும் பயம் போய் ஒரு வேகம் வந்தது பாருங்கள்! சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா துவைக்கப் போன நேரமாகப் பார்த்துக் கதிரைக் கூப்பிட்டேன். அவனுக்குக் காரணமே தேவைப்படவில்லை, பஸ் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டான். கவலைக்காரி என்பதால் சொல்லாமல் போகவும் எனக்கு மனம் வரவில்லை. ஜெனிபரிடம், "அம்மா தேடுனா, மேல வீதி கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கோம்னு சொல்லிடு" என்று இரண்டு தரம் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

கண்டக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த லைனில் டிக்கெட் கேட்கமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்ற வேறொரு பஸ்ஸில் ஏறினோம். அதன் கண்டக்டர் மாமா, "எங்க பாப்பா, தனியா? அப்பா வரச் சொன்னாரா?" என்றார். பொய் சொல்லக்கூடாது, உண்மையைச் சொன்னால் இறக்கி விட்டுவிடுவார். யோசித்து, "அப்பா சொன்ன விஷயமாத்தான் போறோம் மாமா" என்றேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை!

சிதம்பரத்தில் இறங்கித் தெற்கு வீதி நெடுக நடந்தோம். கோபுரத்தைப் பார்த்ததும் கதிர் நின்றுவிட்டான். எத்தனை பொம்மை இருக்கிறது என்று எண்ணாமல் வரமாட்டேன் என்றான். அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மேல வீதி வந்து, கடைப் பேரை எழுத்துக்கூட்டிப் பார்த்து உள்ளே நுழைந்தேன்.

கடைக்காரர் வழுக்கைத்தலை, நெற்றியில் கண்ணாடியை ஏற்றி விட்டிருந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைப் புடவை, சின்னப் பிள்ளை, காம்பில் கறுப்பு நூல்.

"நூலா?" அவர் முகம் சிவந்தது. "என் கடை டப்பால நூல் சுத்துன கண்ணாடியா? நான் ஸ்குரூ போடுவேன், காம்பையே மாத்துவேன். நூல் சுத்தற பொழப்பு நமக்குக் கெடையாது. யாரு சொன்னது?"

"எங்கப்பா சொன்னாரு."

"கண்ணாடி எங்க?"

"கதையில இருக்குது."

கண் பரிசோதனைக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைக்காரர் என்னையும் கதிரையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த பஸ்ஸு உங்கப்பா?" என்று கேட்டு, பேரைச் சொன்னதும், "அட, நம்ம கண்டக்டரு! பதினோரு மணிக்கு ஸ்டாண்டுக்குள்ள வருமே" என்று கடையைப் பாதி சாத்தினார். கதிரை முன்னாலும் என்னைப் பின்னாலும் மொபெட்டில் உட்கார வைத்துப் பறந்தார். அதுவரை நான் மொபெட்டில் ஏறியதே இல்லை. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் அவர் சட்டையை இறுக்கிக் கிழித்தேவிட்டிருப்பேன்.

அப்பாவின் பஸ் உள்ளே வந்தது. படிக்கட்டில் தொங்கியபடி வாயில் விசிலோடு வந்தவர் எங்களைப் பார்த்தார். விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடியது. பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடி வந்து, "அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லப்பா. அந்தக் கண்ணாடிய குடு. பரீட்சைக்குள்ள குடுத்துடணும்."

"எந்தக் கண்ணாடி?"

"நூல் சுத்தின கண்ணாடி!"

அப்பாவுக்குப் புரிய அவ்வளவு நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அடி பூங்கொடி! அது அன்னிக்கே குடுத்தாச்சும்மா. பஸ்ஸு நவுர்றதுக்குள்ள அந்தம்மா ஓடி வந்துடுச்சு. வெடுக்குனு புடுங்கிக்கிட்டு, இவ்ளோ அவசரமா ஏன் வண்டிய எடுக்கறன்னு என்னையே திட்டிட்டுப் போச்சு. அஞ்சு நிமிஷம்கூட ஆவல."

நான் வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவைப் பார்த்துக் கத்தியது அப்போதுதான். "ஏம்ப்பா சொல்லல?"

"நீ கேக்கலியே."

"கேக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன!"

கடைக்காரர் நடுவில் புகுந்து, "அதெல்லாம் இருக்கட்டும். அந்த நூலு யாரு சுத்துனதுன்னு விசாரிச்சீங்களா?" என்றார்.

திரும்பும் டிரிப்பில் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மேல் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் போல் ஒரு பயணம் எனக்கு அதற்கப்புறம் வாய்க்கவில்லை. டிரைவர் முன் சீட்டுக்குச் சொல்ல, முன் சீட்டு பின் சீட்டுக்குச் சொல்ல, பி.முட்லூர் வருவதற்குள் பஸ் முழுக்க எங்கள் வழக்கு பரவிவிட்டது. காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "முடிவு சொல்லாம இன்னாய்யா கதை? மீனக் காட்டிட்டுக் கூடைய மூடுனா வாங்க வந்தவ வாயில அடிச்சுக்க மாட்டாளா?" காலேஜ் பையன் ஒருவன் அப்பா கட்சி, யோசிக்க வைப்பதுதான் படிப்பு என்றான். "யோசிச்சு யோசிச்சுத்தான் அந்தப் புள்ள எலும்பா கெடக்குது, கண்ணு தெரியல ஒனக்கு?" என்று அந்த அம்மா அவனை உட்கார வைத்தார். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து ஏறிய ஒரு பாய், முழு விவரமும் கேட்டுவிட்டு, "நம்ம வூட்டுல நாலு புள்ளைங்க. கதையும் கெடையாது, கவலையும் கெடையாது. சோறு மட்டும் ஜாஸ்தி" என்றார். பஸ்ஸே அதிர்ந்தது. அப்பா டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே குனிந்த தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தார். ஆலப்பாக்கத்தில் இறங்க வேண்டிய ஒருவர் வாக்குவாதத்தில் ஊரையே விட்டுவிட்டு, காரைக்காட்டில் அலறிக்கொண்டு இறங்கினார். மறுநாள் அதுவும் ஒரு கதையாக வரும் என்று எனக்குத் தெரியும். வருமா? அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. வீட்டில் அம்மா இருக்கிறாரே.

கடலூரில் இறங்கி அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது சந்து முனையிலேயே தெரிந்துவிட்டது. ஆள் கூட்டம். அன்று காலை வந்திறங்கிய மாமா யாருடைய சைக்கிளையோ வாங்கி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வேர்த்து நின்றார். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். புடவை ஓரத்தில் முழங்கால் வரைக்கும் சேறு. கெடிலம் ஆற்றுக்குப் போய்த் தேடியிருக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஜெனிபருகிட்ட சொல்லிட்டுத்தாம்மா போனேன்!" என்றேன்.

எல்லோரும் ஜெனிபரைப் பார்த்தார்கள். அவள் அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து, "நீங்க ரெண்டு பேரும் பத்திரமா வரணும்னு அந்தோணியாருகிட்ட சொன்னேன். அத்தைகிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றாள். ஆரோக்கியமேரி அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தார். "அவருக்குத் தெரியாதாடி, அம்மாகிட்ட மொதல்ல சொல்லணும்னு?"

மாமா தொண்டையைச் செருமினார். "பாத்துக்க மச்சான். சாமி பயம் இருந்தா பொட்டப் புள்ள வாசப்படி தாண்டுமா?" எதற்கும் பதில் வைத்திருக்கிற அப்பா அன்றைக்கு அம்மாவின் புடவை ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா எங்களை அடிக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துச் சோறு போட்டார். அந்தச் சோற்றை நான் சாப்பிட்ட மாதிரி யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். முதல் காரணம், அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது, பசி குபுகுபுவென்று எரிந்தது. இரண்டாவது, என் கதை இந்தத் தட்டில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டாம் தரம் வாங்கினேன், மூன்றாம் தரம் வாங்கினேன், தட்டை விரலால் வழித்து நக்கி அம்மாவிடம் நீட்டினேன். "பாரும்மா. மிச்சமே இல்ல. கதைய நிறுத்தாதம்மா."

அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். அழப்போகிறார் என்று பார்த்தால் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அப்புறம், கண்ணாடி அன்றைக்கே கைசேர்ந்ததைச் சொல்லிவிட்டு நின்ற அப்பாவைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்ச கதைக்கு எம்மவ ரெண்டு நாளா வாடிக் கெடந்திருக்கா. கதைய நிறுத்த வேணாம். ஆனா இனிமே முடிவு தெரியாத கதைய வாசலுக்கு வெளியவே வுட்டுட்டு வாங்க. முடிவ மொதல்ல எங்கிட்ட சொல்லிடணும். புள்ளைங்க ரெண்டும் அதுங்க பங்குக்கு சொன்னதுக்கப்புறம், நடந்தத நான் சொல்லுவேன். ஒத்துக்கிறீங்களா?"

அப்பா தலையாட்டினார். அதுவரை கோபமாக இருந்த மாமா தூணோரமாக நின்று, "நன்றின்னாவது சொல்லிச்சா மச்சான் அந்தம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டிவிட்டுப் போனதை அப்பா சொன்னதும், "அட பாவமே, திட்டிச்சா? இன்னா சொல்லி திட்டிச்சு?" என்று துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து எப்போது வந்தாலும் கடைசி பஸ்ஸைப் பிடிக்காமல் கதை கேட்டுவிட்டுத்தான் போனார்.

இப்படித்தான் எங்கள் வீட்டில் முடிவுகள் அம்மாவின் கைக்கு வந்தன. அப்பா வந்ததும் அடுப்படிக்குப் போய் அம்மாவின் காதில் குசுகுசுப்பார். அம்மா "ஐயோ" என்பார், அல்லது "நல்லா வேணும்" என்பார். எங்களுக்கு அதைக் கேட்டதுமே உயிர் துடிக்கும். நாங்கள் கத்தி முடித்த பிறகு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா வந்து நின்று சொல்வார். பெரும்பாலான முடிவுகள் சப்பென்றுதான் இருந்தன. தொலைத்தவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். சண்டை போட்டவர்கள் ஒரே நிறுத்தத்தில் இறங்கி ஒரே டீக்கடைக்குள் போனார்கள். கவலைப்படப் பிறந்தவளான எனக்கு அந்தச் சப்பென்ற முடிவுகள் எவ்வளவு பெரிய மருந்து என்று அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது.

இப்போது அதே லைனில் பஸ்கள் ஓடுகின்றன. டிக்கெட்டை மிஷின் துப்புகிறது. ஏறுகிறவர்கள் காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு ஏறுகிறார்கள், கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்வதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு பிள்ளையின் வழக்கை முன் சீட்டும் பின் சீட்டும் விசாரித்த பஸ்ஸை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். கதிர் துபாயில் இருக்கிறான். அம்மா போய்விட்டார். அப்பா என்னோடு இருக்கிறார், பழையதெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவில் நிற்கிறது அவருக்கு.

அம்மா சொல்லாமல் விட்டது ஒரே ஒரு முடிவுதான். ஆலப்பாக்கத்தில் பட்டுப்புடவையும் பெட்டியுமாக ஒரு புதுப்பெண் தனியாக ஏறினாள். சிதம்பரத்துக்கு டிக்கெட் வாங்கியவள் புதுச்சத்திரத்திலேயே இறங்கிக்கொண்டாள். "நீங்க திரும்பி வரும்போது நான் இங்க நின்னா என்னை ஏத்திக்கிட்டுப் போயி எங்கம்மா வூட்டுல வுட்டுடுங்கண்ணே. நிக்கலன்னா நான் நெனச்ச எடத்துக்குப் போயிட்டேன்னு வச்சுக்கங்க" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் முடிவுகளைச் சொன்ன பிறகு அம்மா வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். "நீ பெரியவளாவு. கல்யாணம் ஆவட்டும், சொல்றேன்" என்றார். கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்றே வருஷங்கள் போய்விட்டன.

போன மாதம் என் மகளுக்கு இந்தக் கதையை அப்பா தானாகவே சொல்ல ஆரம்பித்தார். ஒரு வார்த்தை மாறவில்லை. புதுப்பெண் இறங்கிய இடம் வந்ததும் நிறுத்தினார். நான் மிஷினை விட்டு எழுந்து ஓடி வந்து, "அவ நின்னாளாப்பா?" என்று கேட்டேன். அப்பா எப்போதும் போல அடுப்படிப் பக்கம் கையைக் காட்டி, "உங்கம்மாகிட்ட கேளு" என்றார்.

அன்றே கதிருக்குப் போன் போட்டேன். அவன் கொஞ்சமும் யோசிக்காமல், "நின்னிருக்க மாட்டாக்கா. நெனச்ச எடத்துக்குப் போயிருப்பா, ஜாலியா இருப்பா" என்றான். உனக்கென்னடா தெரியும் என்று கத்தினேன், அவனும் கத்தினான், துபாய்க்கும் மஞ்சக்குப்பத்துக்குமாக நாங்கள் போட்ட சண்டையில் என் மகள் பயந்துபோய் வந்து எட்டிப் பார்த்தாள். அவன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாரே, புருஷன் வீட்டை விட்டு அம்மா வீட்டுக்குத் திரும்பியவள் கதையைக் கல்யாணம் ஆகாத எனக்குச் சொல்லத் தயங்கித்தானே? அந்தப் பெண் புதுச்சத்திரத்தில் பெட்டியோடு நின்றிருக்கிறாள். அப்பா ஏற்றிக்கொண்டு போய் அவள் அம்மா வீட்டில் விட்டிருக்கிறார். அவளுக்கு அன்றைக்குச் சோறு போட ஆள் இருந்திருக்கும்.